மரத்திலேயே பழுத்த பழமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)



மாம்பழம் என்றதும் நாவில் நீர் ஊறாதவர் நம்மில் யார்? சேலத்து மல்கோவா, சிவந்த கன்னமுடைய செந்தூரா, பச்சைத் தோலுக்குள் தேனை ஒளித்து வைத்திருக்கும் இமாம்பசந்த், எல்லோரும் போன பிறகு வந்து சேரும் நீலம் என்று நம் கோடைக்கு இறைவன் அளித்த கொடைகள்தாம் எத்தனை! (அல்போன்சா என்றதும் நம் புனித அல்போன்சம்மாளின் பெயரால் வந்த பழம் என்று நினைக்கும் தோழியர் சிலர் உண்டு. அது போர்த்துகீசிய ஆளுநர் அல்போன்சோ டி அல்புகெர்க்கின் பெயரால் வந்தது என்பர்.) ஆயினும் இந்நாளில் மாம்பழக் கூடையின் முன் நிற்கும் நம் தாய்மாரின் முகத்தில் மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுதியாகத் தெரிகிறது. அங்கே நடக்கும் உரையாடலை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

“ஏம்மா, இது கல்லு வச்ச பழமா?”

“ஐயோ, இல்லீங்கம்மா! மரத்துலயே பழுத்ததுங்க. நம்பி வாங்கிட்டுப் போங்க.”

இந்தக் கேள்வியும் சரியன்று, அந்தப் பதிலும் உண்மையன்று என்பது என் தாழ்மையான கருத்து. ஆனால் பதில் சொன்ன கூடைக்காரம்மாவைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. நாம் கேட்க விரும்பியதைத்தானே அவர் சொன்னார்!

மரத்திலேயே முழுவதும் பழுத்த மாம்பழம் பெரும்பாலும் கடைக்கு வந்து சேராது. பழுத்தது தானே காம்பை விட்டு விழும். விழுவதற்கு முன்பே அணிலும் கிளியும் வௌவாலும் பங்குக்கு வந்துவிடும். பழ ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். இத்தனைக்கும் தப்பியதைக் கூடையில் அடுக்கி லாரியில் ஏற்றினால் ஊர் வருவதற்குள் கூழாகிவிடும். ஆகவே கடையில் நாம் காணும் மாம்பழங்கள் ஏறக்குறைய எல்லாமே காயாகப் பறிக்கப்பட்டுப் பிறகு பழுத்தவைதாம். நம் பாட்டிமார் வைக்கோலில் புதைத்தும் அரிசிப் பானையில் போட்டும் பழுக்க வைத்தவையும் அவ்வகையே. மரத்தைவிட்டுப் பிரிந்த பின் பழுப்பது குற்றமன்று. பறிக்கும்போது அந்தக் காய் முற்றியிருந்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முற்றுதல் வேறு, பழுத்தல் வேறு. இதை நம் மொழி எப்போதோ அறிந்திருக்கிறது. மாவில் வடு, பலாவில் மூசு, வாழையில் கச்சல், தென்னையில் குரும்பை என்று பிஞ்சுப் பருவத்துக்கே எத்தனை பெயர்கள்! அதற்கு மேல் காய், முற்றின காய், செங்காய், பழம். இடையில் ‘வெம்பல்’ என்றும் ஒரு சொல் உண்டு. முற்றுவதற்கு முன்பே வாடி நிறம் மாறியதை அவ்வாறு சொல்வோம். (நாம் வீட்டில் ஏதேனும் வாதாடினால் ‘பிஞ்சிலே பழுத்தது’ என்று நமக்கும் பட்டம் கிடைக்கிறது. விஞ்ஞானப்படி பிஞ்சு பழுப்பதே இல்லை, சுருங்கித்தான் போகும். எனவே அந்தப் பட்டம் நமக்குப் பொருந்தாது!)

மாமரம் பூத்துக் காய் பிடித்ததிலிருந்து அந்தக் காய் முற்ற, இனத்துக்கேற்ப, ஏறத்தாழ 3 முதல் 4 மாதங்கள் ஆகின்றன. அவ்வளவு நாளும் இலைகள் வெயிலைக் கொண்டு சமைத்த சர்க்கரை, காம்பின் வழியே காய்க்குள் இறங்கி மாவுச் சத்தாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. உள்ளே கொட்டை கெட்டிப்படுகிறது. காம்பை அறுத்த நொடியில் இந்த வரவு நின்றுவிடும். பிறகு நடப்பதெல்லாம் செலவுதான். சேர்த்து வைத்த மாவுச் சத்து சர்க்கரையாக மாறுகிறது, புளிப்பு குறைகிறது, சதை இளகுகிறது, பச்சை மறைந்து மஞ்சள் வெளிப்படுகிறது, மணம் பிறக்கிறது. உண்டியலில் போட்டதைத்தானே உடைத்து எடுக்க முடியும்? வாழைக்காயின் சதையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மாவுச் சத்து இருக்கிறது. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தில் அது ஒன்றிரண்டு பங்காகக் குறைந்து, மீதியெல்லாம் பெரும்பாலும் சர்க்கரையாகிவிடுகிறது. காயிலேயே மாவு சேராதிருந்தால் இந்தச் சர்க்கரை எங்கிருந்து வரும்?

எல்லாக் கனிகளும் இப்படிப் பறித்த பின் பழுப்பவை அல்ல. மா, வாழை, பலா, பப்பாளி, சப்போட்டா, சீத்தா, கொய்யா, தக்காளி ஆகியவை பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, மாதுளை ஆகியவை பறித்த அன்று எவ்வளவு இனிப்போ அவ்வளவே. புளித்த திராட்சையை வாங்கி வந்து, நாளைக்கு இனிக்கும் என்று கூடையில் போட்டு வைப்பதில் பயனில்லை. கொடைக்கானல் பக்கத்து வெண்ணெய்ப் பழமோ இன்னும் விந்தையானது. மரத்தில் இருக்கும்வரை அது இளகுவதே கிடையாது, பறித்த பின்புதான் பழுக்கத் தொடங்கும். மரத்தில் பழுத்த வெண்ணெய்ப் பழம்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் அவர் பட்டினிதான் கிடக்க வேண்டும்.

தானாகக் கனியாததைத் தடியால் அடித்துக் கனிய வைக்க முடியுமா என்று நம் பெரியோர் கேட்பார்கள். முடியும் என்பதற்கு விவிலியத்திலேயே சான்று இருக்கிறது! பழைய ஏற்பாட்டில் ஆமோஸ் நூலின் 7-ஆம் அதிகாரத்தில் அந்த இறைவாக்கினர், தாம் கால்நடை மேய்ப்பவர் என்றும் காட்டு அத்தி மரங்களில் வேலை செய்பவர் என்றும் சொல்லிக்கொள்கிறார். அத்தி மரத்தில் அப்படி என்ன வேலை? அந்த வரியின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘கீறுகிறவர்’ என்று பொருள்படும் சொல் இருக்கிறது. இயேசு பிறப்பதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தியோபிராஸ்டஸ் என்னும் கிரேக்கத் தாவர அறிஞரும், எகிப்தின் காட்டு அத்திக் காயை இரும்பு நகங்களால் கீறிவிடுவார்கள் என்றும், கீறிய 4 நாளில் அது பழுத்துவிடும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். காரணம் அவருக்குத் தெரியாது. இன்று நமக்குத் தெரியும். காயம் பட்ட காய் எத்திலீன் என்னும் வாயுவை மிகுதியாக வெளியிடுகிறது. பழுக்கத் தொடங்கு என்று காய்க்கு ஆணையிடுவது அந்த வாயுதான்.

இதைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எலுமிச்சையைப் பச்சையாகப் பறித்து, மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறைகளில் அடுக்கி மஞ்சளாக்குவது வழக்கம். அடுப்பின் சூடுதான் இந்த வேலையைச் செய்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். 1912-ஆம் ஆண்டில் ஆராய்ந்து பார்த்தபோது, காரணம் சூடன்று, அடுப்பிலிருந்து வரும் புகையே என்று தெரிந்தது. அந்தப் புகையில் உள்ள எத்திலீனே நிறத்தை மாற்றுகிறது என்று 1924-இல் டென்னி என்பவர் காட்டினார். ஆப்பிள் பழம் இதே வாயுவைத் தானாகவே உண்டாக்குகிறது என்பதை 1934-இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு கேன் நிறுவினார். நம் ஊர் வாழைத்தார் மண்டியில் புகை மூட்டம் போட்டவர்களும், அரிசிப் பானையில் மாங்காயைப் புதைத்த பாட்டியும் பெயர் தெரியாமலேயே இந்த எத்திலீனைத்தான் கையாண்டார்கள். புகையில் அது இருக்கிறது. பானையில், காய் தானே விட்ட வாயு வெளியே போகாமல் அதைச் சுற்றியே தங்கியது. சென்ற கோடை விடுமுறையில் நான் ஒரே மரத்து முற்றிய காய்கள் இரண்டை எடுத்து, ஒன்றை நன்கு பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையிலும் மற்றொன்றைத் தனியே அலமாரியிலும் வைத்துப் பார்த்தேன். வாழைப்பழத்தோடு இருந்தது இரண்டு நாள் முந்திக்கொண்டது.

கலிபோர்னியா எலுமிச்சையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் தோல்தான் மஞ்சளாயிற்று, உள்ளே சாறு இருந்தபடியே இருந்தது. நிறம் வேறு, சுவை வேறு. மாம்பழத்தில் நாம் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான்.

இனிக் ‘கல்’லுக்கு வருவோம். வெல்டிங் பட்டறையில் தீச்சுவாலைக்குப் பயன்படும் கால்சியம் கார்பைடுதான் இந்தக் கல். ஈரம் பட்டதும் அதிலிருந்து அசெட்டிலீன் என்னும் வாயு கிளம்பும். அது எத்திலீனைப் போலவே நடித்துக் காயை ஏமாற்றும். காகிதப் பொட்டலமாக மடித்துக் காய்க் குவியலின் நடுவே செருகிவிட்டால் போதும், காயின் ஈரமே அதற்குத் தண்ணீர். பட்டறைக்காகச் செய்யப்படும் கல் ஆதலால் அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் என்னும் நச்சுப் பொருள்களின் எச்சம் இருக்கும். உண்பவருக்குத் தலைசுற்றல், வாந்தி, தொண்டை எரிச்சல், தோலில் புண் ஆகியவை வரலாம் என்று உணவுப் பாதுகாப்புத் துறையினர் எச்சரிக்கின்றனர். காற்றோட்டமில்லாத கிடங்கில் வெறுங்கையோடு அந்தப் பொட்டலங்களை மடிக்கும் கூலியாளின் நிலையை எண்ணிப் பாருங்கள். நமக்கு ஒரு பழத்தால் வரும் தீங்கு அவருக்கு நாள்தோறும் வருகிறது. அவருக்காக யாரும் கடையில் நின்று கேள்வி கேட்பதில்லை.

1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் விதிகளிலேயே இந்தக் கல்லுக்குத் தடை இருந்தது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலும் அத்தடை நீடிக்கிறது. அதற்கு மாற்றாக 2016-இல் எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த அனுமதி வழங்கப்பட்டது. அறையின் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது விதி. ‘மருந்தடித்துப் பழுக்க வைக்கிறார்கள்’ என்று நாம் கல்லையும் எத்திலீனையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுகிறோம். அது அநியாயம். எத்திலீன், பழம் தானே உண்டாக்குகிற பொருள். ஆனால் எத்திலீன் தரும் மருந்துக் கரைசலில் காயை நேரே முக்கி எடுப்பதும் சில இடங்களில் நடக்கிறதாம். அதற்கு அனுமதி கிடையாது.

ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் அது கல் வைத்த பழம் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். முறையான எத்திலீன் அறையில் பழுத்ததும் ஒரே சீராகத்தான் மஞ்சளாகும். இமாம்பசந்தோ நன்றாகப் பழுத்த பிறகும் பச்சையாகவே நிற்கும். கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒவ்வொரு கோடையிலும் அதிகாரிகள் கிடங்குகளில் சோதனையிட்டு டன் கணக்கில் மாம்பழங்களை அழித்த செய்தியை நாளிதழ்களில் படிக்கிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் அடுத்த ஆண்டும் அதே செய்தி வருகிறதே, ஏன்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தோப்புக்காரர்களில் பலர், மரம் பூக்கும் காலத்திலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். கடனும் வட்டியும் அவர்களைக் காத்திருக்க விடுவதில்லை. குத்தகை எடுத்தவருக்கோ, ஒரு சூறைக்காற்று அடித்தால் போட்ட பணம் தரையில் உதிர்ந்துவிடும் என்ற பயம். முதலில் சந்தைக்கு வரும் பழத்துக்கே நல்ல விலை என்ற ஆசையும் உண்டு. ஆகவே முற்றியதும் முற்றாததுமாக ஒரே மூச்சில் மரத்தை உலுக்கிவிடுகிறார். முற்றாத காய் வைக்கோலில் ஒரு மாதம் கிடந்தாலும் நல்ல பழமாகாது. அதை மஞ்சளாக்கிக் காட்ட அவருக்குக் கல் தேவைப்படுகிறது. நன்கு முற்றிய காய்க்குக் கல் எதற்கு? ஒரு வாரம் பொறுத்தால் அது தானே பழுத்துவிடுமே!

அந்த நல்ல விலையைக் கொடுப்பவர் யார்? மார்ச் மாதக் கடைசியில், ஊரில் எந்தத் தோப்பிலும் மல்கோவா முற்றியிராத நாளில், மஞ்சள் மாம்பழம் தேடி அலைகிற நாம்தான். தவக்காலத்தில் 40 நாள் இறைச்சியைத் தொடாமல் இருக்கத் தெரிந்த நமக்கு மாம்பழத்துக்காக 40 நாள் பொறுக்க முடியவில்லை! பிறகு சோதனை வரும்போது பறிபோவது, விடியற்காலையில் மண்டியில் கடனுக்குக் கூடை எடுத்து வந்த அம்மாவின் அன்றைய முதல். அந்தப் பழம் எங்கே, எப்படிப் பழுத்தது என்று அவருக்கே தெரிந்திருக்க வழியில்லை.

நம் பள்ளியிலேயே பொறுமைக்கு ஒரு பாடம் நிற்கிறது. மடத்துச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் மாமரத்தைத்தான் சொல்கிறேன். அதில் கல்லெறிந்து பிடிபட்டவர்கள் இந்தப் பத்தியைக் கூச்சமின்றிப் படிக்கலாம், யார் பெயரையும் நான் எழுதப் போவதில்லை! கிளி கொத்தியோ தானாகவோ இரண்டொரு பழம் விழுந்த பிறகுதான் சிஸ்டர் தோட்டக்காரத் தாத்தாவை மரத்தில் ஏற்றுவார்கள். தாத்தாவும் கண்டபடி பறிக்க மாட்டார். காம்பின் இரு பக்கமும் தோள் புடைத்து, காம்பு பள்ளத்தில் அமர்ந்தாற்போல் இருக்கும் காயை மட்டும் வலைத் துரட்டியால் காம்போடு அறுத்து இறக்குவார். தோள் சரிந்து நிற்கும் காயை இன்னும் பத்து நாள் மரத்திலேயே விட்டுவிடுவார். இறக்கிய காயைத் தண்ணீர் அண்டாவில் போட்டால் முற்றியது மூழ்கும், முற்றாதது பெரும்பாலும் மிதக்கும். பால் வடிந்த பிறகு துடைத்து, வைக்கோல் பரப்பிய அறையில் அடுக்குவார்கள். விடுதி மாணவியருக்கு ஆளுக்கொரு கீற்று கிடைக்கும் நாள்வரை அந்த அறையின் பூட்டுக்குள்ளிருந்து வரும் மணம் நம்மைப் படிக்க விடாது.

இதையே வீடுகளிலும் செய்யலாம் என்கிறேன். பெற்றோர்களே, பளபளக்கும் மஞ்சளைத் தேடாதீர்கள். தோள் புடைத்த பச்சைக் காயாகவே வாங்கி வாருங்கள். பழத்தைவிட விலை குறைவாகவும் கிடைக்கும். காகிதத்திலோ வைக்கோலிலோ சுற்றி, அவசரமானால் ஒரு வாழைப்பழத்தைத் துணைக்கு வைத்து மூடி வையுங்கள். பழுக்கும்வரை குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். குளிர் அந்த வேலையை நிறுத்திவிடும். வாழைப்பழமாக இருந்தால் தோலும் கறுத்துவிடும்.

அரசுக்கும் ஒரு விண்ணப்பம். எத்திலீன் அறை கட்டப் பெரிய வியாபாரிக்கு வசதி உண்டு, பத்துக் கூடை விற்பவருக்கு இல்லை. கல் மலிவு, அதனால்தான் அவர் அருகில் அது போய்ச் சேர்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் பெரிய சந்தைகளிலும், கூடைக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் கட்டி யாரும் பழுக்க வைத்துக்கொள்ளும்படி பொது அறைகள் வேண்டும். அறையைத் தராமல் கூடையை மட்டும் பறிப்பதில் நியாயம் எங்கே இருக்கிறது?

பாஸ்கா விழா மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம். அன்றைய பந்திக்கு வாழைப்பழமும் தர்ப்பூசணியும் போதும் என்று என் அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். மாம்பழம், ஜூன் 13-ஆம் நாள் புனித அந்தோனியார் திருநாளுக்கு வரட்டும். அதற்குள் நீலம் முற்றியிருக்கும்.